ஹெச்ஆர் படிக்கப் போகிறீர்களா? முதலில் டைம் டேபிளைக் கேளுங்கள்

டிகிரி கடைசி செமஸ்டர் முடிகிற சமயம் எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். சொந்தக்காரப் பிள்ளைகள், பழைய ஆபீஸ் ஆட்களின் பிள்ளைகள், யாரோ நம்பர் கொடுத்து அழைக்கிற பிள்ளைகள். கேள்வி ஒன்றுதான். "அக்கா, எம்பிஏ ஹெச்ஆர் எடுக்கட்டுமா, எம்எஸ்டபிள்யூ எடுக்கட்டுமா? எதுக்கு ஸ்கோப் ஜாஸ்தி?" எம்எஸ்டபிள்யூ, அதாவது சமூகப்பணி முதுகலை முடித்து, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத் தொழிற்சாலைகளில் ஹெச்ஆராகவே, அதாவது மனிதவள அதிகாரியாகவே காலம் தள்ளியவள் நான். அதனால் என்னிடம் பதில் இருக்கும் என்று நம்புகிறார்கள். பதில் இருக்கிறது. ஆனால் போனில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்கிற மாதிரி இல்லை.

நான் திருப்பிக் கேட்பது, "ஏன் ஹெச்ஆர்?" பத்துக்கு ஒன்பது பேர் சொல்வது, "எனக்கு மனுஷங்களோட பழகப் பிடிக்கும்க்கா." இதைக் கேட்டால் எனக்குக் கொஞ்சம் கவலையாகத்தான் இருக்கும். பழகப் பிடித்தவர்களுக்கு ஊரில் நூறு வேலை இருக்கிறது. நகைக்கடை சேல்ஸிலும் அதுதான் தேவை. ஹெச்ஆரில் பழகுவது கொஞ்சம், காகிதம் நிறைய.

ஒரு காலை நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்தே முக்காலுக்கு ஏ ஷிஃப்ட் பஸ்கள் கேட்டுக்குள் வரும். படப்பை ரூட் பஸ் மட்டும் இருபது நிமிடம் லேட். அதில் வந்த நாற்பது பேருக்கும் வருகைப் பதிவு மெஷினில் லேட் பஞ்ச் விழுந்துவிடும். பஸ் கம்பெனி ஏற்பாடு செய்தது, தொழிலாளி மேல் ஒரு தப்பும் இல்லை. டைம் ஆபீஸில் உட்கார்ந்திருக்கிற ட்ரெய்னி அன்றைக்கே அதைக் கவனித்து, டிரான்ஸ்போர்ட் ரிஜிஸ்டரோடு ஒப்பிட்டு, கையெழுத்து வாங்கி, சிஸ்டத்தில் திருத்தியிருக்க வேண்டும். விட்டுவிட்டால் சம்பளத்தில் நாற்பது பேருக்கும் அரை நாள் பிடித்தம். சம்பள மெசேஜ் வந்த பத்தாவது நிமிடம் நாற்பது பேரும் ஹெச்ஆர் ரூம் வாசலில் நிற்பார்கள். அந்த நேரத்தில் சிரித்த முகம் ஒன்றும் உதவாது. ரிஜிஸ்டர்தான் உதவும்.

அதனால் எந்தப் பட்டம் என்று கேட்பதற்கு முன்னால், எந்த மாதிரி வேலை என்று முடிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் ஹெச்ஆர் என்கிற ஒரே பெயரில் இரண்டு வேலைகள் நடக்கின்றன. இரண்டுக்கும் பூர்வீகமே வேறு.

முதலாவது மில் கேட்டில் பிறந்தது. ஆலைகளில் ஆள் எடுப்பதும் நிறுத்துவதும் மேஸ்திரி கையில் இருந்த காலம் ஒன்று உண்டு. வேலை வேண்டுமா, மாமூல் கொடு. லீவு போட்டுவிட்டுத் திரும்பி வந்தாயா, மறுபடியும் மாமூல் கொடு. பெரம்பூர் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளர்களை வைத்து 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. துணைத் தலைவர்களில் ஒருவர். ஆலையை நடத்திய பின்னி நிர்வாகம் வாடியா மீதே உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. சங்கம் நடத்துகிறவருக்குச் சட்டத்தில் எந்தப் பாதுகாப்பும் இல்லை என்பது அப்போதுதான் பளிச்சென்று தெரிந்தது. 1926-ல் தொழிற்சங்கச் சட்டம் வந்ததற்கு அந்த வழக்கும் ஒரு காரணம். அடுத்து, 1929-ல் அமைக்கப்பட்ட விட்லி கமிஷன் 1931-ல் கொடுத்த அறிக்கையில், ஆள் எடுக்கிற அதிகாரத்தை மேஸ்திரியிடமிருந்து எடுத்து லேபர் ஆபீசரிடம் கொடுக்கச் சொன்னது. 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம், 49-ம் பிரிவில், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற தொழிற்சாலையில் நல அலுவலர் கட்டாயம் என்றது.

அந்த நல அலுவலரை யார் தயார் செய்வது? சமூகப்பணிக் கல்லூரிகள் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டன. மும்பையில் 1936-ல் தொடங்கிய டாடா சமூக அறிவியல் நிறுவனம், சென்னையில் 1952-ல் மேரி கிளப்வாலா ஜாதவ் முயற்சியில் வந்த மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க், இப்படி. சமூக சேவை படித்தவர்களுக்கு ஃபேக்டரியில் என்ன வேலை என்று இன்றைக்கும் பெற்றோர்கள் என்னிடம் கேட்கிறார்கள். சட்டமே அவர்களுக்காகத்தான் ஒரு நாற்காலி போட்டது என்பேன்.

இரண்டாவது வேலை ரொம்பப் பிந்தி வந்தது. 1990-களுக்குப் பிறகு ஐடி கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் ஆள் எடுக்க ஆரம்பித்தபோது, ஆள் தேடவும், ஆஃபர் போடவும், அப்ரைசல் நடத்தவும், விட்டுப் போகிறவர்களைப் பிடித்து வைக்கவும் ஒரு பெரிய படை தேவைப்பட்டது. அந்தப் படைக்கு ஆள் அனுப்பியவை எம்பிஏ கல்லூரிகள். இங்கே சங்கம் இல்லை, ஷிஃப்ட் பஸ் பிரச்சினை குறைவு, ஸ்டாண்டிங் ஆர்டரை, அதாவது வேலை நிபந்தனை, ஒழுங்கு விதிகளை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. எக்செல்லும் ஆங்கிலமும்தான் பிரதானம்.

இனி படிப்புகளுக்கு வருவோம்.

எம்பிஏ ஹெச்ஆர் என்று தனியாக ஒன்று பெரும்பாலான கல்லூரிகளில் கிடையாது. டான்செட் நுழைவுத் தேர்வு எழுதி ஒரு பொறியியல் கல்லூரியின் மேலாண்மைத் துறையில் சேர்கிறீர்கள் என்று வையுங்கள். முதல் வருடம் எல்லோருக்கும் பொது. கணக்கியல், பொருளாதாரம், மார்க்கெட்டிங், புள்ளியியல், ஆபரேஷன்ஸ் எல்லாம் வரும். மூன்றாவது செமஸ்டரில்தான் ஹெச்ஆர் விருப்பப் பாடங்கள் எடுப்பீர்கள். அதில் தொழிலாளர் உறவு, தொழிலாளர் சட்டம் என்று ஒரு தாள் இருக்கும், அதையும் எடுக்காமல் போகலாம். கோடை விடுமுறையில் ஒரு இன்டர்ன்ஷிப். இரண்டு வருடப் படிப்பில் உண்மையான ஹெச்ஆர் என்று கூட்டிப் பார்த்தால் ஒரு செமஸ்டருக்குக் கொஞ்சம் மேல் தேறும். இதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை. அந்தப் பொதுப் பாடங்கள் பின்னால் பெரிய உதவி. பேலன்ஸ் ஷீட் படிக்கத் தெரியாத ஹெச்ஆர் மேனேஜர் போனஸ் பேச்சுவார்த்தையில் உட்கார்ந்து, ஃபைனான்ஸ்காரர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டியதுதான்.

எம்எஸ்டபிள்யூ வேறு மாதிரி. லயோலா, திருச்சி பிஷப் ஹீபர், கோவை பிஎஸ்ஜி கலை அறிவியல் கல்லூரி என்று பழைய பெயர்கள் இருக்கின்றன. முதல் வருடம் எல்லோருக்கும் சமூகப்பணி அடிப்படை. குடிசைப் பகுதி, மருத்துவமனை, தொண்டு நிறுவனம் என்று ஃபீல்டு ஒர்க் போவீர்கள். இரண்டாம் வருடம் ஹெச்ஆர் ஸ்பெஷலைசேஷன் எடுத்தால் ஃபீல்டு ஒர்க் தொழிற்சாலைக்கு மாறும். வாரத்தில் இரண்டு நாள், செமஸ்டர் முழுக்க. கடைசியில் ஒரு மாதம் பிளாக் ப்ளேஸ்மென்ட், அதாவது ஒரே இடத்தில் தொடர்ந்து வேலைப் பயிற்சி. ஒவ்வொரு நாளும் ரிப்போர்ட் எழுதி, ஆசிரியர் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். "ஹெச்ஆருக்கு வந்தவ எதுக்கு ரூரல் கேம்ப் போய் ரோடு கூட்டணும்?" என்று அங்கலாய்க்கிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த முதல் வருடத்தில்தான் ஒரு வீட்டுக்குள் போய், வட்டிக்கடன் எவ்வளவு, பிள்ளை எங்கே படிக்கிறது, குடிக்கிறவர் யார் என்று கேட்டுப் பழகுகிறோம். மாசம் மூன்று நாள் சொல்லாமல் லீவு போடுகிற ஆபரேட்டருக்கு மெமோ கொடுப்பதா, கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவதா என்று முடிவு செய்ய அந்தப் பழக்கம் வேண்டும்.

இவை இரண்டுக்கும் நடுவில் எம்ஏ ஹெச்ஆர்எம் என்று ஒன்று இருக்கிறது. மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் ஒர்க்கில் எம்எஸ்டபிள்யூவுக்குப் பக்கத்திலேயே தனிப் பிரிவாக நடக்கிறது. முதல் நாளிலிருந்தே ஹெச்ஆர், சுற்றி வளைப்பதில்லை. பிறகு எம்ஏ லேபர் மேனேஜ்மென்ட். இதைத் தமிழக அரசின் தொழிலாளர் கல்வி நிலையம் நடத்துகிறது, சென்னைப் பல்கலைக்கழகப் பட்டம். தொழிலாளர் துறையில் வேலைக்குப் போக நினைப்பவர்களும் தொழிற்சாலை நல அலுவலர் ஆக நினைப்பவர்களும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ஆனால் பெயரில் பளபளப்பு இல்லை, மாமன் மச்சானிடம் சொன்னால் புரியாது. அந்த ஒரே காரணத்துக்காக விட்டுவிடுகிறார்கள்.

ஜாம்ஷெட்பூர் எக்ஸ்எல்ஆர்ஐ மேலாண்மைக் கல்லூரி, மேலே சொன்ன மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனம் இரண்டும் தனி ரகம். இடம் கிடைத்தால் மறு பேச்சு வேண்டாம், போய்ச் சேருங்கள். கிடைக்காத பெரும்பான்மைக்குத்தான் இந்தக் கட்டுரை.

நான் ட்ரெய்னி இன்டர்வியூ எடுக்கும்போது ஒரு கணக்கு கொடுப்பேன். ஒரு தொழிலாளி எட்டு வருடம் முடித்து ராஜினாமா செய்கிறார். கடைசியாக வாங்கிய பேசிக்கும் (அடிப்படைச் சம்பளம்) டிஏவும் (அகவிலைப்படி) சேர்ந்து மாதம் 18,000 ரூபாய். கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை எவ்வளவு? வருடத்துக்குப் பதினைந்து நாள் சம்பளம் என்பது முக்கால்வாசிப் பேருக்குத் தெரிந்திருக்கும். அங்கிருந்து 18,000-ஐ முப்பதால் வகுப்பார்கள். ஒரு நாளைக்கு 600, பதினைந்து நாளைக்கு 9,000, எட்டு வருடத்துக்கு 72,000. தெளிவான கணக்கு, தப்பான விடை. மாதச் சம்பளக்காரருக்கு 26-ஆல் வகுக்க வேண்டும் என்று 1972 கிராஜுவிட்டி சட்டமே சொன்னது. வாராந்திர விடுமுறை நாலைக் கழித்தால் மாதத்துக்கு வேலை நாள் 26 என்பது அதன் தர்க்கம். அப்படிப் போட்டால் 83,077 ரூபாய் வரும். பதினோராயிரத்துச் சொச்சம் வித்தியாசம்.

இந்தக் கணக்கில் தோற்றவர்களில் எல்லாப் பட்டக்காரர்களும் உண்டு, எம்எஸ்டபிள்யூவும் சேர்த்துத்தான். சரியாகச் சொன்னவர்களை மட்டும், எங்கே கற்றாய் என்று கேட்பேன். கிளாஸில் என்று சொன்னவர்கள் குறைவு. ஃபீல்டு ஒர்க் போன கம்பெனியில் வேலையை விட்டவரின் கடைசிக் கணக்கான ஃபுல் அண்ட் ஃபைனல் செட்டில்மென்ட் ஃபைலை எடுத்துக் கொடுத்து, "இதுல எங்கம்மா இந்தத் தொகை வந்துச்சு, கண்டுபிடி" என்று ஒரு சீனியர் உட்கார வைத்திருப்பார். அவ்வளவுதான் விஷயம். அதனால்தான் பட்டத்தின் பெயரை விட்டுவிட்டு டைம் டேபிளைக் கேளுங்கள் என்கிறேன். வாரத்தில் எத்தனை நாள் வெளியே அனுப்புகிறார்கள்? எந்தக் கம்பெனிக்கு? அங்கே யார் கையில் ஒப்படைக்கிறார்கள்? தொழிலாளர் சட்டம் எத்தனை தாள், நடத்துகிறவர் லேபர் கோர்ட் படியேறியவரா? நல்ல ஃபீல்டு ஒர்க் இருக்கிற எம்பிஏ, பேருக்கு ஃபீல்டு ஒர்க் வைத்திருக்கிற எம்எஸ்டபிள்யூவைவிட மேல். ப்ளேஸ்மென்ட் போஸ்டரில் இந்த விவரம் எதுவும் இருக்காது. இரண்டாம் வருடம் படிக்கிற பிள்ளை ஒருவரைக் கேன்டீனில் பிடித்துக் கேட்டால் அரை மணியில் தெரிந்துவிடும்.

இன்னொரு விஷயத்தை எந்தக் கல்லூரியும் சொல்லித் தருவதில்லை. தமிழில் எழுதுவது. தொழிற்சாலையில் ஸ்டாண்டிங் ஆர்டர் ஆங்கிலத்திலும், பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரிகிற மொழியிலும் ஒட்டப்பட வேண்டும் என்று 1946 ஸ்டாண்டிங் ஆர்டர் சட்டத்திலேயே இருந்தது. நோட்டீஸ், மெமோ, சார்ஜ் ஷீட், விசாரணை வாக்குமூலம் எல்லாம் தமிழில்தான் ஓடும். பன்னிரண்டு வருடம் ஆங்கில மீடியத்தில் படித்து, முதல் வகுப்பில் பாஸ் செய்து வருகிற பிள்ளை எழுதுகிற சார்ஜ் ஷீட் பெரும்பாலும் இப்படி இருக்கும்: "தாங்கள் பணி நேரத்தில் மேலதிகாரியிடம் ஒழுங்கீனமாக நடந்துகொண்டது நிர்வாகத்தின் கவனத்திற்கு வந்துள்ளது." படிக்க கம்பீரமாக இருக்கிறது. உள்ளே சரக்கு ஒன்றுமில்லை. எந்தத் தேதி? எந்த ஷிஃப்ட்? எந்த இடம்? என்ன வார்த்தை சொன்னார்? யார் கேட்டார்கள்? ஸ்டாண்டிங் ஆர்டரில் எந்தப் பிரிவு? சங்கத்தின் வக்கீல் இந்த ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டே மொத்த விசாரணையையும் ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடுவார். ஆக்கவும் வேண்டும். குற்றம் என்னவென்றே தெரியாமல் ஒரு ஆள் எப்படிப் பதில் சொல்வார்?

எழுத வேண்டியது இப்படி: "12-ம் தேதி இரவு ஷிஃப்டில், சுமார் 1.40 மணிக்கு, பெயின்ட் ஷாப் இரண்டாம் லைன் அருகே, தாங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜைப் பார்த்து" என்று ஆரம்பித்து, சொன்ன வார்த்தையை, அது எவ்வளவு அசிங்கமாக இருந்தாலும், அப்படியே எழுத வேண்டும். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதில் ரொம்பக் கூச்சம். கெட்ட வார்த்தையை ஆபீஸ் லெட்டர்ஹெட்டில் எப்படி மேடம் டைப் பண்றது என்பார்கள். பண்ணத்தான் வேண்டும் தம்பி. தமிழ் இலக்கியமோ, தமிழ்வழி பி.காமோ படித்துவிட்டு, ஆங்கிலம் வராது, ஹெச்ஆருக்கு நான் லாயக்கில்லை என்று ஒதுங்கிக்கொள்கிற பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். தொழிற்சாலைப் பக்கம் உங்கள் தமிழுக்கு மதிப்பு இருக்கிறது. ஆங்கிலம் பழகிக்கொள்ளலாம். இப்போது கொஞ்சம் இந்தியும் கேட்கிறார்கள், கான்ட்ராக்ட் லேபரில் ஒடிசா, பீகார் பிள்ளைகள் அத்தனை பேர் இருப்பதால்.

ஐடி பக்கத்துக்கு நான் அநியாயம் செய்யக் கூடாது. அங்கே போகிறவர்களுக்கு எம்பிஏ பொருத்தமான படிப்புதான். ஆனால் முதல் இரண்டு வருடம் எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டு போகட்டும். வேலை தேடுகிற போர்ட்டலில் ரெஸ்யூம் சலிப்பது, போன் போடுவது, இன்டர்வியூ நேரம் பிடித்துக் கொடுப்பது, ஆஃபர் அனுப்புவது, தொண்ணூறு நாள் நோட்டீஸ் முடிகிற வரை அந்த ஆளைத் தாங்கு தாங்கு என்று தாங்குவது, சேருகிற நாளன்று அவர் போனை ஸ்விட்ச் ஆஃப் செய்துவிடுவது. ரெஸ்யூம் சலிக்கிற பகுதியை இப்போது மென்பொருளே பாதிக்கு மேல் செய்கிறது. அதை மட்டும் நம்பி இரண்டு வருடமும் எஜுகேஷன் லோனும் போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை. சம்பள அமைப்பு, தரவு, பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் உள்ளகக் குழு வேலை என்று அந்தப் பக்கத்திலும் ஆழமான பகுதிகள் இருக்கின்றன. 2013-ல் வந்த அந்தச் சட்டத்தின்படி பத்துப் பேர் வேலை செய்கிற இடத்தில்கூட குழு இருக்க வேண்டும். ஒரு புகாரை வெளியே கசியாமல், இரண்டு தரப்பையும் முழுதாகக் கேட்டு, நாள் கெடுவுக்குள் முடித்து அறிக்கை எழுதத் தெரிந்தவர்கள் இன்றைக்கும் கொஞ்சம் பேர்தான்.

இப்போது சேருகிறவர்களுக்கு ஒரு அதிர்ஷ்டம் உண்டு. 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 29 மத்திய சட்டங்கள் அந்த நான்குக்குள் அடக்கம். அதனால் என்னை மாதிரி பழம்பெருச்சாளிகளும் மறுபடி படித்துக்கொண்டிருக்கிறோம். தொழிற்சாலையில் நல அலுவலர் வைக்க வேண்டிய எண்ணிக்கை 500-லிருந்து 250-க்கு இறங்கியிருக்கிறது. இருபது பேர் வேலை செய்கிற இடத்திலேயே குறைதீர்ப்புக் குழு வேண்டும். ஸ்டாண்டிங் ஆர்டர் விஷயத்தில் எதிர்த்திசை, 300 பேரோ அதற்கு மேலோ இருந்தால்தான் கட்டாயம்.

எல்லாவற்றிலும் பெரிய மாற்றம் சம்பளம் என்பதன் வரையறை. மாத மொத்தம் 30,000, பேசிக் 9,000, மீதியெல்லாம் ஏதேதோ அலவன்ஸ் என்று பிஎஃப்பையும் கிராஜுவிட்டியையும் குறைக்கப் போட்டு வைத்த சம்பளச் சீட்டுகள் நிறைய உண்டு. இனி அலவன்ஸ் பாதியைத் தாண்டினால் தாண்டியது சம்பளத்தில் சேரும். 9,000 என்று வைத்திருந்த இடத்தில் 15,000 என்று கணக்குப் போட வேண்டும். மேலே சொன்ன 26 கணக்கில் வருடத்துக்கு 5,192 ரூபாயாக இருந்த கிராஜுவிட்டி 8,654 ரூபாய் ஆகிறது. ஆயிரம் பேர் இருக்கிற கம்பெனியில் இதை யார் உட்கார்ந்து திருத்துவது? கணக்கும் சட்டமும் சேர்ந்து தெரிந்த ஆள்.

கல்லூரியில் பாடத்திட்டம் மாறிவிட்டதா என்று கேளுங்கள். ஆனால் பழைய சட்டத்தை முழுக்கத் தூக்கிப் போட்டுவிட்ட கல்லூரியும் ஆகாது. பழைய வழக்குகள் பழைய சட்டத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன, எழுபது வருடத் தீர்ப்புகள் எல்லாம் அதன்மேல் நிற்கின்றன. "12(3) போட்டாச்சா, 18(1)-லயே முடிச்சுக்கலாமா" என்று சங்கத் தலைவர்கள் பேசுவதும் 1947 தொழில் தகராறு சட்டத்தின் பிரிவு எண்களைத்தான். அரசின் சமரச அலுவலர் முன்னிலையில் போடுகிற ஒப்பந்தம் முன்னது, நமக்குள் பேசிக் கையெழுத்துப் போடுவது பின்னது. தொகுப்பில் எண்கள் மாறினாலும் தொழிலாளர்கள் வேலை செய்கிற ஷாப் ஃப்ளோரில் அந்தப் பேச்சு இன்னும் பல வருடம் இருக்கும்.

அரசு, பொதுத்துறை வேலை மனதில் இருந்தால் ஒரு எச்சரிக்கை. என்எல்சி, கோல் இந்தியா மாதிரி நிறுவனங்களின் ஹெச்ஆர் பதவி விளம்பரங்களில் இரண்டு வருட முழுநேர முதுநிலைப் படிப்பு, அதிலும் ஹெச்ஆர் முதன்மைப் பாடம் என்கிற மாதிரி நிபந்தனை இருக்கும். அஞ்சல் வழியில் படித்தவர்கள் மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். எம்பிஏவில் இரட்டை ஸ்பெஷலைசேஷன் எடுப்பவர்களும் எது முதன்மை என்பதைக் கல்லூரியிடம் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. யுஜிசி நெட் தேர்வில் தொழிலாளர் நலனும் மனிதவள மேலாண்மையும் சேர்ந்து ஒரே பாடம், எண் 55. ஆசிரியர் வேலைக்கு மட்டும்தான் நெட் என்று நினைக்க வேண்டாம். சில பொதுத்துறை நிறுவனங்கள் அந்த மதிப்பெண்ணை வைத்தே ஆட்களைக் கூப்பிட்டிருக்கின்றன. படிக்கும்போதே எழுதிவிடுங்கள்.

பெண் பிள்ளைகளின் அம்மாக்கள் கேட்கிற கேள்வி ஒன்று பாக்கி. "ஃபேக்டரியெல்லாம் சரிப்படுமா? ஏசி ஆபீஸா இருந்தா பரவாயில்லை." பயத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2009-ல் கோவையிலும் 2012-ல் மானேசரிலும் தொழிற்சாலைக் கலவரத்தில் ஹெச்ஆர் அதிகாரிகள் உயிரையே விட்டார்கள். அவை அபூர்வம், ஆனால் நடந்தவை, மறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. அதே நேரம் இதையும் சொல்கிறேன். எங்கள் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் ஆலைகளில் லைனில் நிற்பவர்கள் பெரும்பாலும் இருபது வயதுப் பெண்கள். வேலூர், திருவண்ணாமலை, விழுப்புரம் என்று ஊரை விட்டு வந்து விடுதியில் தங்குகிறவர்கள். 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் விடுதிச் சாப்பாட்டால் பலர் மருத்துவமனைக்குப் போன பிறகு, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் இரவில் உட்கார்ந்தார்கள். விடுதிச் சாப்பாடு சரியில்லை, பாத்ரூமில் தண்ணீர் வரவில்லை என்பதையெல்லாம் அந்தப் பிள்ளைகள் முதலில் ஒரு ஹெச்ஆர் அக்காவிடம்தான் சொல்லுவார்கள், சொல்லுகிற மாதிரி ஒருத்தி இருந்தால்.

2024 செப்டம்பர் 9-ல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம் தொடங்கி 37 நாள் நடந்தது. சம்பளத்தோடு சங்க அங்கீகாரமும் முக்கியக் கோரிக்கை. அந்த நாட்களில் எங்கள் வட்டாரத்தில் எந்த கம்பெனி மீட்டிங்கிலும் முதல் கேள்வி, நம்ம ஷாப் ஃப்ளோர்ல என்ன பேசிக்கிறாங்க என்பதுதான். அதற்குப் பதில் வைத்திருந்தவர்கள், தொழிலாளிகளோடு அதே கேன்டீனில் தட்டை ஏந்திச் சாப்பிடுகிற ஒன்றிரண்டு பேர். ஸ்லைடு போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. இதில் நான் யார் பக்கம் என்று கேட்பவர்களுக்கு: ஹெச்ஆர் நிர்வாகத்தின் சம்பளத்தில் இருக்கிற ஆள், அதை மறந்து தொழிலாளியின் தோழன் என்று வேஷம் போட வேண்டாம். ஆனால் சட்டம் கொடுக்கச் சொன்னதைக் குறைக்காமல் கொடுக்கிற பொறுப்பு, நிர்வாகத்தில் வேறு யாரையும்விட அவருக்கு அதிகம். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கத் தயாரில்லாதவர்கள் வேறு துறையைப் பார்ப்பது நல்லது.

பணம். உதவி பெறும் கல்லூரியில் எம்எஸ்டபிள்யூ படிக்க ஆகிற செலவு, சுயநிதிக் கல்லூரி எம்பிஏவுக்கு ஆகிற செலவில் சிறு பகுதிதான். வீட்டில் கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும் என்கிற நிலை இருந்தால், ஊர் பேர் தெரியாத எம்பிஏவைவிட அதையே முதலில் பாருங்கள். தொழிற்சாலை ஹெச்ஆரில் ஆரம்பச் சம்பளம் ஐடியைவிடக் குறைவாக இருக்கலாம். ஐந்து வருடம் கழித்து, ஒரு சம்பள ஒப்பந்தத்தை முன்னின்று முடித்த அனுபவம் இருந்தால் பேச்சே வேறு.

ஏற்கெனவே வேலையில் இருக்கிறவர்கள், குறிப்பாக எம்பிஏ முடித்துவிட்டுச் சட்டம் தெரியாமல் தடுமாறுகிறவர்கள், இன்னொரு இரண்டு வருடப் படிப்புக்காக வேலையை விட வேண்டாம். மேலே சொன்ன தொழிலாளர் கல்வி நிலையம் அம்பத்தூரில் இருக்கிறது. அங்கே பிஜிடிஎல்ஏ என்கிற தொழிலாளர் நிர்வாக முதுநிலைப் பட்டயம் மாலை நேரத்திலும், தொழிலாளர் சட்டங்களுக்கான பட்டயம் வார இறுதியிலும் நடக்கின்றன. ஏதாவது ஒரு டிகிரி இருந்தால் போதும். சேர்க்கை அறிவிப்பு கோடையில் வரும். தினசரிகளின் உள்பக்கத்தில் ஓரமாக நாலு வரிச் செய்தியாகத்தான் போடுவார்கள், கண்ணில் படாமல் போய்விடும். ஏப்ரல் மாதத்திலேயே ஒருமுறை நேரில் போய் விசாரித்துவிட்டு வாருங்கள்.